புது வீட்டுக்கு வந்த பாம்பு ஏன் சாப்பிடுவதில்லை?

பாம்பு வந்து இரண்டு வாரமாகிறது. வைத்த எலி வைத்தபடியே கிடக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் முதலில் வரும் கவலை இதுதான். அந்தப் பாம்பு பெரும்பாலும் பந்து மலைப்பாம்பாக இருக்கும். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகும் சாதுவான இனம் அது. பயந்தால் தலையை உள்ளே ஒடுக்கி உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். ஐந்தடியைத் தாண்டுவது அரிது. விரும்பி வாங்கப்படுவதில் முன்னணியில் இருக்கும் இந்த இனம், பட்டினி கிடந்து வளர்ப்பவர்களைக் கலங்கடிப்பதிலும் முன்னணியில்தான் இருக்கிறது.

கலங்கியவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பாதி, பாம்பை இன்னும் மிரட்டி, பட்டினியை இன்னும் நீட்டிப்பவை.

“ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் செத்துவிடும்” என்பது முதல் நம்பிக்கை. நாய்க்கும் பூனைக்கும் உரிய கணக்கைப் பாம்புக்கும் போடுவதால் வரும் பயம் இது. பாலூட்டிகள் தின்பதில் பெரும்பங்கை உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவிடுகின்றன. பாம்பு சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதால் அந்தச் செலவே அதற்கு இல்லை. மார்ஷல் மெக்யூ என்ற ஆய்வாளர் பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று இனப் பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் உணவில்லாமல் வைத்துக் கவனித்தார். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சில பாம்புகள் ஓய்வுநிலை ஆற்றல் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. எடை குறைந்தபோதும் உடல் நீளம் கூடியது.

பர்மிய மலைப்பாம்பின் குடல் இன்னும் வியப்பானது. இரையில்லாத காலத்தில் அது சுருங்கிக் கிடக்கிறது. ஒரு நல்ல இரை உள்ளே போன இரண்டு நாளுக்குள் அதன் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. எப்போதாவது சாப்பிடுவதற்கென்றே அமைந்த உடம்பு இது. முட்டையிட்ட பந்து மலைப்பாம்பு இரண்டு மாதம் போல முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் எதுவும் தின்னாமல் கிடக்கும். வளர்ந்த ஆண்களும் குளிர்காலத்தில் சில மாதங்கள் இரையை ஏறெடுத்துப் பார்க்காமல் இருப்பதுண்டு. ஆனால் குஞ்சுகளுக்கு இவ்வளவு இருப்பு கிடையாது. அவற்றின் பட்டினியை அவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொரு கதை பல நாடுகளில் சுற்றி வருகிறது. ஒரு பெண் வளர்த்த மலைப்பாம்பு திடீரென்று சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. இரவில் அவர் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுக்கத் தொடங்கியது. அழைத்துப் போனபோது கால்நடை மருத்துவர், “உங்களை விழுங்கத்தான் அளவெடுக்கிறது, வயிற்றையும் காலியாக வைத்திருக்கிறது” என்றாராம். ஊர் மாறும், பெண்ணின் பெயர் மாறும், கதை மட்டும் மாறாது. மலைப்பாம்பு பதுங்கியிருந்து தாக்கும் வேட்டை விலங்கு. எதிரே வரும் இரையைக் கண நேரத்தில் கவ்விப்பிடிக்கும். இரையின் பக்கத்தில் படுத்து நீளம் பார்க்கும் பழக்கம் எந்தப் பாம்புக்கும் கிடையாது. அப்படிப் படுத்தால் இரை ஓடிவிடும். பாம்பு மனிதர் பக்கத்தில் நீட்டிப் படுத்தால் அது தேடுவது உடம்புச் சூட்டைத்தான். கூண்டு போதிய சூடாக இல்லை என்பதற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம்.

சூட்டில்தான் பெரும்பாலான பட்டினிகளின் காரணமும் இருக்கிறது. குளிர்ந்த பாம்பால் செரிக்க முடியாது. செரிக்க முடியாதபோது அது இரையைத் தொடாது, விழுங்கினாலும் சில நாளில் கக்கிவிடும். பந்து மலைப்பாம்பின் கூண்டில் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். அப்போதுதான் தனக்கு வேண்டிய சூட்டைப் பாம்பே இடம் மாறித் தேர்ந்துகொள்ளும். சூடேற்றும் கருவி எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்தால் தோல் வெந்துபோகும்.

அடுத்தது மறைவிடம். “பெரிய கண்ணாடித் தொட்டி கொடுத்தால் சந்தோஷமாக இருக்கும்” என்று நம்புபவர்கள் பலர். காட்டில் இந்த இனம் பகலைக் கழிப்பது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும். இருட்டும், உடம்பை ஒட்டி நெருக்கும் சுவரும்தான் அதற்குப் பாதுகாப்பு. வெட்டவெளியான தொட்டியில் நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரியும்போது அது தன்னையே இரையாக உணர்கிறது. பயந்த பாம்பு வாய் திறக்காது. உடம்பு சரியாக அடங்குகிற மறைவிடங்கள் இரண்டு, சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக, வைத்தால் போதும். அவை இருந்தால் தொட்டி பெரிதாக இருப்பதிலும் தவறில்லை.

“கையில் எடுத்துப் பழக்கினால் பயம் தெளிந்து சாப்பிடும்” என்பது அன்பினால் வரும் தவறு. வந்த முதல் வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் கூண்டைத் திறக்காமல் இருப்பது நல்லது. பிறகு மாலை மங்கியதும் முதல் இரையைக் காட்டலாம். மறுத்தால் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி முயலலாம். தினம் தினம் எலியை நீட்டுவது அதற்குத் தொல்லையாகத்தான் படும். சாப்பாட்டுக்கென்று வேறு பெட்டிக்கு மாற்றும் வழக்கமும் அப்படித்தான். கூச்சமுள்ள பாம்பு மாற்றிய பெட்டியில் சுருண்டுகொள்ளும்.

“உயிருள்ள எலியைத்தான் தின்னும்” என்று கடைக்காரர்களே சொல்வதுண்டு. கூண்டுக்குள் மாட்டிய எலி உயிருக்குப் போராடும், கடிக்கும். பசியில்லாத பாம்புடன் இரவெல்லாம் விடப்பட்ட எலி அதன் முதுகைக் கொறித்து எலும்பு தெரிய வைத்துவிடும். இந்தக் கொடுமைக்கு அவசியமே இல்லை. மலைப்பாம்பின் மேலுதட்டோரம் இருக்கும் குழிகள் வெப்பத்தை உணர்பவை. அதற்கு உதவும் டி.ஆர்.பி.ஏ.1 என்ற புரதத்தை 2010-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். ஃபிரீசரில் உறைந்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, வெந்நீரால் 38 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து அசைத்தால் பெரும்பாலான பாம்புகளுக்கு அது உயிருள்ள இரைதான். மைக்ரோவேவில் சூடாக்கினால் உள்ளே வெந்து வெடித்துவிடும். எலி பாம்பின் உடம்பில் மிகத் தடித்த பாகத்தின் பருமனுக்கு மேல் இருக்கக் கூடாது.

அப்படியும் தொடவில்லை என்றால் வாசனையைப் பார்க்க வேண்டும். தென்கிழக்கு நைஜீரியாவில் பந்து மலைப்பாம்புகளின் இரையை ஆராய்ந்தபோது, ஆண்களும் சிறியவையும் பெரும்பாலும் பறவைகளையும், பெரிய பெண்கள் பெரும்பாலும் சிறு பாலூட்டிகளையும் தின்பது தெரியவந்தது. வெள்ளை ஆய்வக எலி என்பது ஆப்பிரிக்கப் பாம்புக்குப் பழக்கமில்லாத வாசனை. அதனால் எலியின் மேல் கோழிக்குஞ்சின் வாசனையையோ ஆப்பிரிக்க எலியின் வாசனையையோ தேய்த்துக் கொடுப்பது பல வீடுகளில் பலித்திருக்கிறது. அமெரிக்கச் சோளப்பாம்பின் குஞ்சு பிடிவாதம் பிடித்தால் பல்லி வாசனைதான் கைகொடுக்கும்.

பாலும் முட்டையும் கொடுத்துப் பார்க்கலாமே என்று தமிழ் வாசகருக்குத் தோன்றலாம். புற்றுக்குப் பால் ஊற்றுவது வழிபாடு. பாம்புக்குப் பால் உணவாகாது. தண்ணீரில்லாமல் வாட விடப்பட்ட பாம்பு பாலையும் குடிக்கும், பிறகு நோயுறும். பெனின் நாட்டின் வீதா நகரில் பந்து மலைப்பாம்புகளுக்குக் கோயிலே இருக்கிறது. அங்கே பாம்புகளை ஊருக்குள் விட்டுவிடுகிறார்கள். அவை தாமே வேட்டையாடிக்கொள்கின்றன.

இந்தியச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவற்றை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக் பயணிகளின் பைகளிலிருந்து பந்து மலைப்பாம்புகள் சிக்கியது பலமுறை செய்தியாகியிருக்கிறது. துணிப்பையில் திணிக்கப்பட்டுக் கடல் கடந்து வந்த குஞ்சு இரையை மறுப்பதில் ஆச்சரியமில்லை. சட்டப்படி வாங்கும் நாடுகளிலும், “எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது, எந்த இரை, உயிருள்ளதா உறைந்ததா” என்று விற்பவரிடம் கேட்டு, அவர் கண்ணெதிரே ஒருமுறை ஊட்டிக் காட்டிய பிறகு வாங்குவதே முறை.

வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது கால்நடை மருத்துவர் மட்டும் கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. உணவுக்குழாய் கிழியும், அந்த அச்சத்தில் பாம்பு மேலும் ஒதுங்கும். வீட்டில் செய்யக்கூடியது எடை பார்ப்பது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவைத்தால், பாம்பு பொறுமையாக இருக்கிறதா, உருகுகிறதா என்று தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு எடை போனாலோ, முதுகெலும்பு துருத்தினாலோ, வாயில் நுரை கட்டினாலோ, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டாலோ ஊர்வன தெரிந்த மருத்துவரிடம் உடனே போக வேண்டும். 2014-இல் பந்து மலைப்பாம்புகளில் கண்டறியப்பட்ட நிடோவைரஸ் இப்படித்தான் மூச்சுக்குழாயைத் தாக்குகிறது.

முதல் எலி உள்ளே போய்விட்டால் அடுத்த இரண்டு நாள் பாம்பைத் தொடக் கூடாது. அடுத்தடுத்து மூன்று, நான்கு முறை மறுக்காமல் சாப்பிட்ட பிறகு கையில் எடுத்துப் பழகத் தொடங்கலாம், முதலில் சில நிமிடம் மட்டும்.