பாகப்பிரிவினை: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

ஆதிபகவன் துறவு மேற்கொள்ளுமுன் தம் நாட்டைத் தம் மைந்தர்களுக்குப் பகிர்ந்தளித்த வரலாற்றை, ஸ்ரீபுராணம் படிக்கும் நம் குடும்பங்களில் அறியாதார் இலர். மூத்தவராகிய பரதருக்கு அயோத்தி, பாகுபலிக்குப் போதனபுரம், ஏனைய மைந்தர்க்கு ஏனைய நாடுகள். தந்தை தம் கையாலேயே, எவர்க்கும் ஐயம் எழாதவாறு செய்த பாகம் அது. அப்படியிருந்தும் பூசல் எழுந்தது. திக்விஜயம் முடித்துத் திரும்பிய பரதரின் சக்கரம் நகருக்குள் புகாமல் நின்றது. உடன்பிறந்தார் இன்னும் வணங்கவில்லை என்பதே காரணம் என்றனர். தூதர் சென்றனர். தம்பியர் பலர் நாட்டையே துறந்து தந்தையின் திருவடியை அடைந்தனர். பாகுபலியோ எதிர்நின்றார். கண்ணோக்கிலும் நீரிலும் மற்போரிலும் வென்றபின், வென்றதையும் விட்டு வனம் புகுந்தார்.

இக்கதையைத் துறவின் பெருமைக்காகவே நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இல்லறத்தார் வேறொன்றையும் இதில் காணலாம். அங்கே எழுந்தது நிலத்தின் அளவைப் பற்றிய வழக்கன்று. ‘வந்து வணங்கு’ என்ற சொல்லைப் பற்றிய வழக்கு. நம் இல்லங்களில் நடக்கும் பாகப்பிரிவினைகளிலும், பத்து சென்ட் நிலத்தால் முறிந்த உறவுகளைக் காட்டிலும், ‘என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்பதால் முறிந்த உறவுகளே மிகுதி.

ஜினசேன ஆசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய ஆதிபுராணத்தில், இல்லறத்தான் வீட்டைத் துறக்கும் கிரியை கூறப்படுமிடத்தில், அவன் தன் மூத்த மகனை அழைத்துப் பொருளை ஒப்படைக்கும் முறையும் சொல்லப்பட்டுள்ளது. பொருள் மூன்று கூறாக வேண்டும். ஒரு கூறு அறச் செயலுக்கு. ஒரு கூறு குடும்பச் செலவுக்கு. மூன்றாவது கூறு உடன்பிறந்தார்க்குப் பகிர. இங்கு ஆசாரியர் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்: புதல்வியரும் புதல்வரோடு சமபங்கு பெறத் தக்கவர் என்கிறார். நாட்டின் சட்டம் அவ்விடத்தை அடைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ‘பெண்ணுக்குப் பங்கு கேட்பது நம் மரபில் இல்லை’ என்று பேசுவோர் நம்மவருள் இன்றும் உளர். எந்த மரபைச் சொல்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

நமக்கெனத் தனிச் சட்டம் உண்டா என்று கேட்போர்க்கு ஒரு விளக்கம். பத்திரபாகு சங்கிதை, அர்ஹந்நீதி முதலிய நூல்களில் வாரிசுரிமை விரிவாகப் பேசப்படுகிறது. அவற்றையெல்லாம் தொகுத்துப் பாரிஸ்டர் சம்பத் ராய் ஜைன் 1926இல் ‘ஜைன லா’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கணவனை இழந்தவளுக்கு அவன் சொத்தில் முழு உரிமை என்பது அந்நூல்களின் சிறப்பு. அக்காலத்து இந்து சட்டம் அவளுக்கு ஆயுட்கால அனுபவத்தையே தந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 1927இல் நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, சமணம் ஸ்மிருதிகளுக்கும் முற்பட்ட தனி வரலாறு உடையது என்று எழுதினார். ஆயினும், வேறு வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றிச் சமணர்க்கும் இந்து சட்டமே பொருந்தும் என்ற முன் தீர்ப்புகளை மீற அவரால் இயலவில்லை. பிறகு 1956 ஜூன் 17 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், தன் இரண்டாம் பிரிவிலேயே ஜைனரையும் சேர்த்துக்கொண்டது. 2014 ஜனவரியில் நாம் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதால் இது மாறிவிட்டதென எண்ணுவோர் உளர். மாறவில்லை.

இனி அவிநாசிக்கு வருவோம். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து வாசகர்களுக்கு நிலம் என்றால் ஏரியும் மதகும் நஞ்சையும் நினைவுக்கு வரும். அவிநாசி வட்டத்தில் அப்படியன்று. கிணற்று நீர் பாய்ந்தால் தோட்டம். மழையை நம்பினால் காடு. ஆகவே இங்கே பாகம் என்பது மண்ணைப் பிரிப்பது மட்டுமன்று, கிணற்றைப் பிரிப்பதுமாகும். கொங்கு நாட்டில் குடியேறிய நம்மவரும் இந்தக் கணக்கைக் கற்கவேண்டியவர்களே. விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் எழுப்பிய முன்னோரும் இந்த மண்ணின் கிணற்றையே நம்பியிருப்பர்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். எட்டு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. தந்தைக்கு அந்நிலம் 1950இல் தம் சகோதரரோடு நடந்த பாகத்தில் கிடைத்த பிதுரார்ஜிதம். அவர் 1995இல் உயில் எழுதாமல் காலமானார். தாயும், இரு மகன்களும், 1985இல் மணமான மூத்த மகளும், 1992இல் மணமான இளைய மகளும் உளர். நிலம் இன்றுவரை பிரிக்கப்படவில்லை. யாருக்கு எவ்வளவு?

தந்தை காலமான 1995இல் நடப்பிலிருந்த கணக்கு இது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத மகள், மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. ஆகவே தந்தை, இரு மகன்கள், இளைய மகள் என நால்வர்க்கும் தலைக்குக் கால் பங்கு. தந்தையின் கால் பங்கு, தாயும் நான்கு மக்களுமாகிய ஐவர்க்கும் சமமாகச் சேரும். ஆக இரு மகன்களுக்கும் இளைய மகளுக்கும் தலைக்கு 2 ஏக்கர் 40 சென்ட். மூத்த மகளுக்கு 40 சென்ட். தாய்க்கு 40 சென்ட். ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கு நாற்பதும் தங்கைக்கு இருநூற்று நாற்பதும் என்பது கேட்கவே கசப்பாக இருக்கும். மணநாள் செய்த வேற்றுமை அது.

2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் இவ்வேற்றுமையை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில், வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவாக்கிற்று. ஆகவே இன்றைய கணக்கு வேறு. தந்தையும் நான்கு மக்களுமாக ஐந்து பங்கு. தந்தையின் ஒரு பங்கு மீண்டும் ஐவர்க்கு. மக்கள் நால்வர்க்கும் தலைக்கு 1 ஏக்கர் 92 சென்ட். தாய்க்கு 32 சென்ட். கூட்டிப் பார்க்க, எண்ணூறு சென்ட் சரியாக வரும்.

அந்த எட்டு ஏக்கரும் தந்தை தம் உழைப்பால் வாங்கிய சுயார்ஜிதமாயின்? அப்போது கணக்கு எளிது. ஐவர்க்கும் சமம், தலைக்கு 1 ஏக்கர் 60 சென்ட். தாயின் பங்கு முப்பத்திரண்டிலிருந்து நூற்றறுபதாக உயர்வதைக் கவனிக்க. ஆகவே பாகம் பேச அமருமுன் பார்க்கவேண்டிய முதற்பொருள் நிலம் வந்த வழி. பாட்டனாரிடமிருந்து வந்ததெல்லாம் பிதுரார்ஜிதம் என்று பலர் கருதுகின்றனர். 1956க்குப் பின் பாட்டனார் காலமாகி, அவருடைய தனிச் சொத்து வாரிசுரிமையாகத் தந்தைக்கு வந்திருந்தால், அது தந்தையின் தனிச் சொத்தேயாகும் என்று 1986இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மூல ஆவணத்தைப் படிக்காமல் வாய்க்கணக்குப் போடுவதால் வரும் வழக்குகள் பல.

2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகங்களைப் புதிய சட்டம் கலைப்பதில்லை. வெறும் கூர்ச்சீட்டு இருந்தால்? ஊர்ப் பெரியவர் முன் எழுதிக் கையொப்பமிட்டுப் பெட்டியில் வைத்த தாள்கள் நம் வீடுகளில் ஏராளம். முன்பே முடிந்த வாய்மொழிப் பாகத்தைக் குறித்துவைக்கும் குறிப்பாயின் அதற்குப் பதிவு கட்டாயமன்று. அத்தாளே பாகத்தை உண்டாக்குகிறதென்றால் பதிவில்லாமல் செல்லாது. பட்டா மாற்றம், தனித்தனி வரி ரசீது போன்ற அரசு ஆவணங்கள் துணைநின்றாலன்றி, மகளின் பங்கை மறுக்க வாய்மொழிப் பாகத்தை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை.

‘தங்கைக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே’ என்பது அடுத்த வாதம். சீர் வேறு, பங்கு வேறு. மகள் மனமுவந்து பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தால் செய்யலாம். அதற்கு அவள் முதலில் தன் பங்கு எவ்வளவு என்பதை அறிந்திருக்க வேண்டும். காரை அனுப்பி, பத்திரப்பதிவு அலுவலக வாயிலில் நிறுத்தி, ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று கேட்பதை நாம் கண்டதுண்டு. மறுக்க முடியாமல் அவள் கையெழுத்திடுகிறாள். அதன்பின் அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. கொடாததைக் கொள்ளாமை நம் அணுவிரதங்களுள் ஒன்று. அறியாமற் கொடுத்ததைக் கொள்வது அவ்விரதத்திற்குள் அடங்குமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

சிறுவர் பங்கு இருப்பின் கூடுதல் கவனம் வேண்டும். காலமான சகோதரனின் சிறு குழந்தைகளுக்காக அவர்தம் தாய் கையொப்பமிடலாம். பாகம் அக்குழந்தைகளுக்குக் குறைவாக அமைந்தால், அவர்கள் வயது வந்தபின் வழக்காடும் உரிமை உண்டு. அவர்களுக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகவே ஒதுக்குவது பெரியோர் வழக்கம்.

கடனையும் மறத்தலாகாது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், தந்தை அடகு வைத்த நகை, கைமாற்று யாவற்றையும் எழுதி, எது எவர் பொறுப்பு என்று தீர்த்தபின்பே நிலத்தைத் தொடுக.

இப்போது கிணறு. எட்டு ஏக்கரை நான்காக வரைபடத்தில் கீறுவது ஒரு மணி நேர வேலை. கிணறு ஒருவர் கூற்றில்தான் விழும். விவசாய மின் இணைப்பு ஒன்றே. அதுவும் காலமான தந்தையின் பெயரில் இருக்கும். கிணற்றிலும், மோட்டாரிலும், மின் இணைப்பிலும், நிலத்தடிக் குழாயிலும், கிணற்றைச் சுற்றிய இடத்திலும் ஒவ்வொருவர்க்கும் எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதுக. எவர் எந்தக் கிழமை நீர் இறைப்பது, மோட்டார் பழுதானால் செலவு எவ்வாறு, நீர் வற்றினால் ஆழப்படுத்தும் செலவில் சேர மறுப்பவர் நிலை என்ன, ஒருவர் தம் கூற்றில் ஆழ்துளைக் கிணறு போட்டால் பொதுக் கிணற்றுக்கு எவ்வளவு தள்ளிப் போடுவது என்பனவெல்லாம் எழுதப்படவேண்டும். ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று விடுவது இந்தத் தலைமுறைக்குப் போதும். மருமக்களும் பேரரும் வந்தபின் போதாது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி, பவானியின் உபரிநீர் மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நோக்கி வந்துள்ளது. வறண்ட கிணறுதானே என்று பங்கை எழுதாமல் விட்டவர்கள், ஊறத் தொடங்கினால் என் செய்வர்?

வண்டித்தடமும் அப்படியே. ‘மாமூல் தடம்’ என்று எழுதுவது போதாது. எத்தனை அடி அகலம், எந்தத் திசையில் தொடங்கி எதுவரை, டிராக்டர் போகலாமா என்று எழுதுக. உட்கூறு பெற்றவர் தடமின்றி நின்றால், அவர் பெற்றது நிலமன்று, வழக்கு.

சாலையோரக் கூறும் உட்கூறும் அளவால் சமமாயினும் மதிப்பால் சமமாகா. திருப்பூர் பெருகப் பெருக அவிநாசிச் சாலையோர நிலத்திற்கு விலை தனி. சிலர் சாலை முகப்பையே நான்காகக் கீறி, நீள நீளமான நாடாக்களாக்கி, ஒருவரும் உழ முடியாமற் செய்துவிடுகின்றனர். அதனினும், முகப்பு பெற்றவர் மற்றவர்க்கு ஈட்டுத்தொகை கொடுப்பதோ, உட்கூறு பெற்றவர்க்கு நிலம் கூட்டித் தருவதோ நன்று. கூறு போடுபவர் மூத்தவர், முதலில் எடுப்பவர் இளையவர் என்ற பழைய ஏற்பாட்டை நாம் இன்றும் பரிந்துரைப்போம். தானே எடுக்கப்போவதில்லை என்று அறிந்தவர் கூறுகளை ஒழுங்காகவே போடுவார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை சுருங்கச் சொல்வோம். வாரிசுச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறவேண்டும். அது வாரிசுகள் யாவர் என்று காட்டுமேயன்றிப் பங்கைத் தீர்மானிக்காது. பழைய பத்திரங்கள் ஏக்கர் சென்ட்டிலும் பட்டா ஹெக்டேர் ஏரிலும் இருக்கும். எட்டு ஏக்கர் ஏறத்தாழ 3.24 ஹெக்டேர். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்ததால், முன்னைய பத்திரங்களில் அவிநாசி கோயமுத்தூர் மாவட்டம் என்றே காணப்படும், அஞ்சவேண்டியதில்லை. குடும்பத்தார்க்குள் பதியும் பாகப்பத்திரத்திற்கு முத்திரைத்தீர்வைக்கும் பதிவுக்கட்டணத்திற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அவ்வரம்பு உயர்த்தப்பட்டது. பத்திரம் பதிந்தவுடன் வேலை முடிந்ததென்று அமர்ந்துவிடாமல், நில அளவரைக் கொண்டு உட்பிரிவு செய்து, கல் நட்டு, தனிப் பட்டா பெறுக. கூட்டுப் பட்டாவிலேயே விட்டுவிட்டால், நாளை ஒருவர் பயிர்க்கடன் வாங்கவும் மற்றவர் தயவை நாட நேரும்.

தாயின் 32 சென்ட்டுக்கு வருவோம். சட்டம் அவ்வளவே தருகிறதென்று அவ்வளவே தரவேண்டும் என்பதில்லை. நான்கு மக்களும் தத்தம் கூற்றிலிருந்து 17 சென்ட் விட்டால் அது ஓர் ஏக்கராகும். குடியிருக்கும் வீட்டையும், கிணற்றில் ஒரு நாள் முறையையும் அத்தோடு சேர்த்து, ‘ஆயுள்வரை அனுபவிக்க’ என்று கட்டுப்படுத்தாமல், முழு உரிமையாகவே அவர் பெயருக்கு எழுதுக. பத்திரத்தை அவருக்கு ஒருமுறை முழுவதும் வாசித்துக்காட்டியபின் கையொப்பம் வாங்குக.