நம்மவரை அறிவோம்: சி. வி. வேலுப்பிள்ளை

"லயத்துப் பிள்ளைக்கு இங்கிலீசு எதுக்கு?" என்று கேட்பவர்கள் நம் ஹல்துமுல்லைத் தோட்டங்களிலும் உண்டு. அவர்களுக்கு சி. வி. வேலுப்பிள்ளையின் கதையைச் சொல்வோம்.

1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். மறுவருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் சனங்களை நாடற்றவர்களாக்கியது.

சி. வி. பேனாவைக் கீழே வைக்கவில்லை. 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற கவிதை நூலில் தேயிலைத் தோட்டத்து மக்களின் பாட்டை ஆங்கிலத்திலேயே எழுதினார். அதைச் சக்தி அ. பால ஐயா தமிழாக்கினார்.

இங்கிலீசு படித்ததால் அவர் நம் பேச்சை மறந்தாரா? இல்லை. 'வீடற்றவன்' நாவலைத் தமிழில் எழுதினார். நம் மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாட்டுகளையும் தேடிச் சேர்த்தார். 1984இல் அவர் மறைந்தார். அந்தப் பாட்டுகள் அச்சில் நிற்கின்றன.

நாம் படிக்கும் பாடம் இதுதான்: ஒரு மொழி ஊருக்குச் சொல்ல, ஒரு மொழி நம்மைக் காக்க. இரண்டும் நமக்கு வேணும்.

பிள்ளைகளே, செய்து பாருங்கள்: அப்பாயிக்குத் தெரிந்த தாலாட்டோ கொழுந்துப் பாட்டோ ஒன்றைக் கேளுங்கள். அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல், கொப்பியில் எழுதுங்கள். தோட்டத்தின் பேரையும் போடுங்கள். எழுதாத பாட்டு அப்பாயியோடு போய்விடும்.