நிறைகுடம் – பொருளும் பயனும்

நம் இல்லங்களில் நடைபெறும் மங்கல நிகழ்ச்சி எதுவாயினும் முதற்கண் வைக்கப்பெறுவது நிறைகுடம். திருமணம், புதுமனை புகுதல், ஜினாலயப் பூசை, முனிவரை எதிர்கொள்ளல் ஆகிய அனைத்திலும் அதற்கு முதலிடம் உண்டு. பூரண கும்பம், மங்கல கலசம் என்பனவும் அதன் பெயர்களே. ‘இது எதற்கு?’ என்று குழந்தைகள் வினவினால், ‘வளம் பெருகுவதற்கு’ என்று கூறி முடித்துவிடுகிறோம். அவ்விடை தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. நம் அறமோ பொருளுக்கு வரம்பு கட்டுகின்ற அறம். மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்கு விரதமாக விதித்த சமயத்தில், வளமையின் சின்னம் இத்துணைச் சிறப்பிடம் பெற்றது எவ்வாறு? இதனைச் சிறிது ஆராய்வோம்.

தொன்மை

தமிழர் மணவினையில் நீர்க்குடம் மிகப் பழமையானது. மகளிர் தலையில் குடம் ஏந்தி வந்து மணமகளை நீராட்டும் காட்சியை அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டுகிறது. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலிலும் முளைக்குடம் ஏந்திய மகளிர் வருகின்றனர்.

வடபுலத்தில் மதுரா நகரின் கங்காளி மேட்டில் கிடைத்த ஆயாகபட்டங்கள் என்னும் வழிபாட்டுக் கற்பலகைகளும் இங்கு நினைக்கத்தக்கன. அவற்றுள் சிம்மநாதிகன் என்னும் வணிகர் மகன் நிறுவிய பலகை ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டினது, இன்று தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நடுவில் ஜினர் அமர்ந்திருக்க, மேலும் கீழும் மங்கலப் பொருள்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நிறைகலசம். திகம்பர, சுவேதாம்பர மரபுகள் கூறும் அஷ்டமங்கலப் பட்டியல்கள் சிலவற்றில் வேறுபடினும், கலசம் இரண்டிலும் இடம்பெறுகிறது.

புராணங்கள் உணர்த்துவது

தீர்த்தங்கரர் கருவில் வந்தமையும்போது அன்னையார் காணும் பதினாறு கனவுகளுள் நீர் நிறைந்த இரண்டு பொற்குடங்களும் ஒன்று. பிறக்கவிருக்கும் மகவு நிதிகளுக்கு உரியதாகும் என்பதே அதன் பயன் என ஆதிபுராணம் உரைக்கிறது. ஆயினும் நிதிகளுக்கு உரியவராகப் பிறந்த அப்பெருமக்கள் அனைவரும் அவற்றைத் துறந்தே சென்றனர். அவர்கள் எய்திய உண்மையான நிறைவு கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா வீரியம், கடையிலா இன்பம் என்னும் நான்குமாம்.

இக்கருத்தை மேலும் தெளிவுறுத்துபவர் பத்தொன்பதாம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ மல்லிநாதர். அவருடைய இலாஞ்சனம் கலசம். மிதிலையை ஆண்ட அவர்தம் தந்தையாரின் பெயரும் கும்பர் என்பதே. தம் திருமணத்தின் பொருட்டு நகர் முழுதும் அணி செய்யப்பட்டிருந்ததைக் கண்டபோது, அவருக்கு முற்பிறவியில் நுகர்ந்த வானுலக இன்பம் நினைவுக்கு வந்தது. அதுவும் நிலையாமல் போனதை எண்ணி அப்பொழுதே துறவு மேற்கொண்டார் என்று உத்தரபுராணம் கூறும். மண விழாவின் மங்கலங்களைக் கடந்து சென்றவருக்கே மங்கல கலசம் அடையாளமாக அமைந்தது எத்துணைப் பொருள் பொதிந்தது! மேல்சித்தாமூரிலும் மன்னார்குடியிலும் ஸ்ரீ மல்லிநாதரை வணங்குவோர், பீடத்தில் உள்ள கலசத்தைக் காணும்போது இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சொரிவதற்கே நிறைவு

பகவான் பிறந்தவுடன் தேவேந்திரன் மேருமலையில் பாற்கடல் நீரால் 1008 குடங்கள் கொண்டு திருமஞ்சனம் ஆட்டினான் என்பது நம் மரபு. நம் ஜினாலயங்களில் நிகழும் அபிஷேகம் அதனை நினைவுகூர்வதே. அங்கு ஒரு குடமேனும் நிறைந்தபடியே வைக்கப்படுவதில்லை. நிரப்பியது அனைத்தும் சொரியப்படுகிறது. குடத்தின் நிறைவு ஈகைக்கு உரியதேயன்றிச் சேமிப்புக்கு உரியதன்று.

சிரவணபெளகுளத்தில் கி.பி. 981இல் சாமுண்டராயர் கோமடேசுவரர் திருவுருவை நிறுவினார் என்பர். அவர் செய்வித்த முதல் அபிஷேகத்தில் குடங்குடமாகப் பால் சொரிந்தும், ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள திருமேனி முழுதும் நனையவில்லையாம். அப்போது மூதாட்டி ஒருத்தி, கத்தரி இனத்துச் சிறு காயின் ஓட்டில் கொணர்ந்த பாலைச் சொரிந்தாள். அது திருவடிவரை வழிந்தோடியது. செருக்கோடு சொரிந்த குடம் குறைகுடம் என்பதைச் சாமுண்டராயர் உணர்ந்தார் என்பது அவ்வூர் வழங்கும் வரலாறு. குள்ளகாயஜ்ஜி எனப்படும் அம்மூதாட்டியின் சிலை இன்றும் அங்கு உள்ளது. 2018ஆம் ஆண்டு மகாமஸ்தகாபிஷேகத்திற்குச் சென்றவர்கள் அதனைக் கண்டிருப்பர்.

நம் ஊர்களிலும் விழாக்காலத்தில் கலசங்களை ஏலம் கூறி ஆலயத் திருப்பணிக்குப் பொருள் திரட்டுகின்றனர். திருப்பணி நடைபெற வேண்டியதே. ஆனால் ஏலத்தொகை கூற இயலாத எளிய குடும்பத்தார் ஓரமாக நின்று பார்த்துத் திரும்பும் நிலை நேருமாயின், அவ்விழாவில் மூதாட்டியின் கிண்ணத்திற்கு இடமில்லாமற் போகிறது. ஒவ்வொரு விழாவிலும் சில கலசங்களையேனும் தொகை குறியாமல் அனைவர்க்கும் வழங்குமாறு ஆலய நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம்.

நீரும் அறமும்

குடத்தில் நிரப்பும் நீர் வடிகட்டியதாக இருத்தல் வேண்டும். இருமடித்த தடித்த துணியில் வடித்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை வடித்த நீராலேயே அலசி, எடுத்த நீர்நிலையிலேயே மெல்ல விடுவது நம் முன்னோர் முறை. நமது குடம் நிறைவதற்காகப் பிற உயிர்கள் துன்புறலாகாது என்னும் கருணையே இதன் உட்பொருள். நாம் ஈட்டும் பொருளுக்கும் இதே விதியைக் கொள்வோமாயின், பொய், களவு, கொலை கலவாத செல்வமே வடித்த நீராகும். கிணறுகள் குறைந்து குழாய் நீர் வந்துவிட்ட இந்நாளிலும் வடிகட்டும் வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் கடமை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

தூய்மை செய்த செம்புக் குடமோ மண் குடமோ போதுமானது; விலையுயர்ந்த கலம் தேவையில்லை. வடித்த நீரை நிரப்பி, சந்தனத்தால் சுவஸ்திகம் எழுதி, மாவிலையும் தேங்காயும் வைத்து, பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதி நிறுவுக. சுவஸ்திகத்தின் நான்கு கைகள் நாற்கதிகளையும், மேலே இடும் மூன்று புள்ளிகள் மும்மணிகளையும் குறிப்பதைக் குழந்தைகளுக்கு விளக்குக. நிகழ்ச்சி முடிந்தபின் அந்நீரைக் கால்படும் இடத்தில் கொட்டாமல் செடிகளுக்கு ஊற்றுக.

அன்றைய தினமே உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஒன்றையேனும் இயன்ற அளவில் செய்க. ஒரு மாணவனுக்குப் பாடநூல் வாங்கிக் கொடுப்பதும் தானமே. இவ்வளவு போதும் என்று தன் பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதைப் பிறர்க்கு வழங்கும் இல்லத்தில் வைக்கப்பெறும் குடமே மெய்யான நிறைகுடம். அத்தகைய இல்லங்கள் நம் சமுதாயத்தில் பெருகுக!