எழுத்துகள் ஏன் சிதைகின்றன?

திரையில்லாத கணிப்பொறி ஒன்று, இயங்கத் தொடங்கும்போது தன் நிலையைக் கம்பி வழியே இன்னொரு கணிப்பொறிக்குப் பிட் பிட்டாக அனுப்புகிறது. இதுவே தொடர்முறைக் கன்சோல். இதில் நேரத்தைக் காட்டத் தனிக் கம்பி கிடையாது. ஆகவே இருபுறமும் ஒரே வேகத்தை முன்கூட்டியே அமைக்க வேண்டும்.

வேகம் வினாடிக்கு 9600 பிட் என்றால், ஒரு பிட்டின் காலம் சுமார் 104 மைக்ரோவினாடி. 115200 என்றால் சுமார் 8.7 மைக்ரோவினாடிதான். வேகம் மாறினால் பிட்டுகளைத் தவறாக எண்ண நேரும், எழுத்து குப்பையாகிவிடும்!

லினக்ஸ் கணிப்பொறியில் முதலில் பேசுவது தொடக்க நிரல், அடுத்தது கெர்னல், இறுதியில் பயனர் பெயரைக் கேட்கும் நிரல். மூன்றிலும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். கெர்னலுக்குரிய வேகத்தை அதன் தொடக்கக் கட்டளை வரியில் எழுதலாம்.

நடுவில் எழுத்துகள் சிதைந்தால், கணிப்பொறியே பழுது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். அப்போது பேசுவது எந்த நிரல் என்று பார்த்து, முதலில் அதன் வேகத்தைச் சரிபாருங்கள்.