ஊசி போடுபவர்களுக்குச் சங்கமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 24 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். கடன் வாங்கி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் கழித்துக் கணுக்காலில் சங்கிலித் தழும்போடு வந்தான். பதினைந்தே நாளில் பழைய கதை. வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களே சங்கம் வைத்து, உரிமை கேட்டு ஊர்வலம் போவதை டி.வி.யில் பார்த்தேன். வயிறு எரிந்தது. பழக்கத்தை விட வழி பார்க்காமல் இவர்களுக்கு உரிமை ஒரு கேடா?
— பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தழும்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய்க் கணக்கில் சேர்த்திருக்கிறது. சிகிச்சைக்கு வந்தவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தம்பிக்கு நடந்தது சிகிச்சை இல்லை, சட்டவிரோதம். அவன் வாய் திறக்கவில்லை. நீங்களும் அதை மருத்துவத்தில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டீர்கள். இவர்களுக்கு உரிமை எதற்கு என்று கேட்டீர்களே, அந்தக் கணுக்காலை இன்னொரு முறை பாருங்கள்.

நீங்கள் பார்த்த ஊர்வலம் எந்த ஊரோ, தெரியாது. இந்தச் சங்கங்களில் பெயர் பெற்ற ஒன்றின் கதையைச் சொல்கிறேன். கனடாவின் வான்கூவர் நகரில் ‘டவுன்டவுன் ஈஸ்ட்சைடு’ என்று ஒரு பகுதி. 1990களில் அங்கே ஹெராயினும் கொக்கைனும் ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் சந்துகளிலும் விடுதி அறைகளிலும் தனியாகச் செத்துக் கிடந்தார்கள். ஹெச்.ஐ.வி. பரவிய வேகத்தைப் பார்த்து 1997இல் சுகாதார நிர்வாகம் அவசரநிலை அறிவித்தது. அதே ஆண்டு ஓப்பன்ஹைமர் பூங்காவில் ஆயிரம் சிலுவைகளை நட்டார்கள், போதை மிகுந்து இறந்தவர்களின் நினைவாக. போதையிலிருந்து மீண்ட கவிஞர் பட் ஆஸ்பர்ன், அந்தப் பழக்கமே இல்லாத ஆன் லிவிங்ஸ்டன் என இருவர் கூட்டம் கூட்டினார்கள். அதில் உருவானதுதான் ‘வாண்டு’ என்ற சங்கம். யார் வேண்டுமானாலும் ஆதரவாளராகச் சேரலாம். ஆனால் ஓட்டு, போதைப் பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் முன்பு பயன்படுத்தியவர்களுக்கும் மட்டும்.

அந்த விதியைப் படித்தபோது எனக்கும் முதலில் நெருடியது. யோசித்த பிறகுதான் நியாயம் புரிந்தது. எந்தச் சந்தில் ஆள் விழுவார், விழுந்தவரைப் பார்த்தும் உடன் இருந்தவர்கள் ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் ஓடுகிறார்கள் என்பதெல்லாம் மருத்துவர்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். போலீஸ் வருமே என்ற பயம்தான் ஓட வைக்கிறது. சங்கத்தினர் சந்து சந்தாகப் போய்ப் புது ஊசி கொடுத்தார்கள், விழுந்தவர்களைத் தூக்கினார்கள், நகரசபைக்குள் போய் உட்கார்ந்து பேசினார்கள். 2003 செப்டம்பரில் ‘இன்சைட்’ திறக்கப்பட்டது. தான் கொண்டுவந்ததைச் செவிலியர் கண்முன் சுத்தமான ஊசியால் ஏற்றிக்கொள்ளும் இடம். மூச்சு நின்றால் கை கொடுக்க ஆள் உண்டு. விட நினைத்தால் சிகிச்சைக்கும் அங்கிருந்தே வழி உண்டு. மத்திய அரசு அதை மூடப் பார்த்தபோது வழக்குப் போட்டவர்களில் சங்கத் தலைவராக இருந்த டீன் வில்சனும் ஒருவர். 2011இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மூடக் கூடாது என்றார்கள். அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது: அந்த இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் போதை மிகுந்த சாவுகள் 35 சதவீதம் குறைந்திருந்தன.

அதற்கும் முன்பே, 1984இல், ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருந்துக் கடை ஊசி விற்க மறுத்தது. மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்று பயந்த அவ்வூர்ச் சங்கத்தார் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் ஊசி மாற்றுத் திட்டங்களுக்கு அது முன்னோடி.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். மணிப்பூரில் 1989இல் ஊசி போடுபவர்களிடம் ஏறக்குறைய இல்லாதிருந்த ஹெச்.ஐ.வி., அடுத்த ஆண்டே சோதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேரிடம் இருந்தது. போலீஸ் அவர்களைச் சிறையில் அடைத்தது, ஆயுதக் குழுக்கள் காலில் சுட்டன. அந்தக் காலத்தில்தான், 1991இல், பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் இம்பாலில் ‘சாசோ’ என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் நண்பர்களைத் தேடிப் போனார்கள். புது ஊசி கொடுப்பது குற்றமாகாது என்று 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது. இப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகள் அலைந்ததன் பலனும் அதில் இருக்கிறது.

பழக்கத்தை வளர்க்கத்தான் இந்தச் சங்கங்கள் என்ற உங்கள் சந்தேகம் இயல்பானது. இறந்தவர்களை எண்ணி எண்ணித்தான் அவை தொடங்கின என்பதைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நிற்காது என்பது என் எண்ணம். உங்கள் தம்பி நாளைக்கே விட்டுவிட்டால் என்னைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார். விடும்வரை அவன் உயிரோடு இருக்க வேண்டுமே!

அதற்காக இன்றே சிலவற்றைச் செய்யுங்கள். மூன்று மாதம் நிறுத்தி வைத்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில்தான் பலர் இறக்கிறார்கள். தம்பி எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, குறட்டை போல மூச்சு இழுத்தால் உடனே 108ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மாத்திரைத் தூள் ரத்தக் குழாயை அடைத்துவிடும் என்பதையும், அடுத்தவர் ஊசியைத் தொடக் கூடாது என்பதையும் திட்டாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஊசிப் பழக்கத்துக்கு மாற்றாக நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை தரும் அரசு மையங்களும் உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் விவரம் கேளுங்கள். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, பயன்படுத்தியது அல்லது சிறு அளவு வைத்திருந்தது தொடர்பான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. அவன் பயப்படுவது பெரும்பாலும் வழக்குக்காகத்தான் இருக்கும்.

அந்த மையத்தின் மீது மாநில மனநல ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். அனுப்பத்தான் வேண்டும், அங்கே இன்னும் எத்தனை பிள்ளைகள் கட்டுண்டு கிடக்கிறார்களோ. ஆனால் அவன் சம்மதித்த பிறகு. நடந்ததை அவனே தன் வார்த்தையில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.