கோடை விருந்துக்குப் பழக்குச்சி

விருந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அடுப்பும் அண்டாவும் வாழையிலையுமே. ஆனால், சித்திரை வெயிலில் ஒரு தாயை நான்கு மணி நேரம் அடுப்பின் முன் நிற்கவைத்து நாம் உண்பது விருந்தாகுமா? அடுப்பு வேண்டாம், ஆளுக்கொரு தட்டும் வேண்டாம். ஒரு கத்தி, கொஞ்சம் மூங்கில் குச்சிகள், ஐந்து வகைப் பழங்கள் இருந்தால் இருபது பேரை மகிழ்விக்கலாம். அதுவே பழக்குச்சி. செய்முறை எளிது. எளிதுதானே என்று அலட்சியம் காட்டினாலோ, மகிழ வந்தவர் வயிற்று நோயுடன் திரும்புவர். ஆகவே, இதனை ஒரு பாடமாகவே கற்போம்.

நம் பெரியோர் மைசூர் மைன்ஸ் என்று வழங்கும் கோலார் தங்கவயல் என் ஊர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறினர். அவர்கள் வாழ்ந்த லைன் வீடுகள் மிகச் சிறியவை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். அத்தகைய வீட்டுக்கு ஞாயிறன்று உறவினர் பத்துப் பேர் வந்தால், களைத்த கைகளால் என்ன செய்ய இயலும்? விடுதியில் வாழும் நம் நிலையும் அதுதானே! அறை சிறிது, அடுப்பில்லை, பணமும் அளவோடுதான். இரு சாராருக்கும் ஏற்றது பழக்குச்சி.

முதற்பாடம், பழம் தேர்தல். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பேர்போனது. ஆனால் எல்லா மாம்பழமும் குச்சியில் நிற்காது. ரசபுரி சாறு மிகுந்தது. கடித்து உறிஞ்சத்தான் தகும். சதை கெட்டியான கிளிமூக்கு, அரைப்பழுப்பில் குச்சிக்கு மிகப் பொருத்தம். நீலத்தையும் தசேரியையும் கலந்து தில்லி வேளாண் விஞ்ஞானிகள் உருவாக்கிய மல்லிகாவும் நன்று. தர்ப்பூசணி, அன்னாசி, சற்றே கெட்டியான பப்பாளி, திராட்சை ஆகியன துணைக்கு வரட்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கச்செய்த பழம் வேண்டவே வேண்டாம். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடைசெய்துள்ளன.

இரண்டாம் பாடம், கணக்கு. ஓர் அங்குலக் கட்டி சுமார் 16 கிராம் எடையிருக்கும். இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டாக நாற்பது குச்சி. ஒவ்வொரு பழத்திலும் நாற்பது துண்டு. அப்படியானால், ஒரு பழத்தில் ஏறத்தாழ 650 கிராம் சதை தேவை. தோல், கொட்டை, சீவல் போக இவ்வளவு கிடைக்க, மாம்பழமும் தர்ப்பூசணியும் ஒன்றரைக் கிலோ வீதம், பப்பாளி ஒரு கிலோவுக்குச் சற்று மேல், பெரிய அன்னாசி ஒன்று, திராட்சை கால் கிலோ வாங்கினால் போதும்.

மூன்றாம் பாடம், தூய்மை. இதுவே தலையானது. முழுப்பழத்துக்குத் தோலே காவல். கத்தி பட்டவுடன் காவல் நீங்குகிறது. இனிப்பும் ஈரமும் கிருமிகளுக்கு விருந்தாகின்றன. தோலில் ஒட்டிய அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுசெல்லும். ஆதலால், தோல் சீவும் பழமாயினும் முதலில் கழுவியே ஆகவேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் கண்ட எங்கள் ஊரில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவது கட்டாது. இரண்டு பாத்திரங்களில் நல்ல நீர் வைத்து, ஒன்றில் தேய்த்துக் கழுவி, மற்றதில் அலசுவேன். மிஞ்சிய நீர் செடிக்கு, தோல் ஆட்டுக்கு. கடை ஐஸ் எந்த நீரில் உறைந்தது என்று நாமறியோம். அதைப் பழத்தின்மேல் போடாமல், பாத்திரத்துக்கு அடியில் மட்டும் வைத்தல் நலம்.

நான்காம் பாடம், நேரம். விருந்தினர் ஐந்து மணிக்கு வருவராயின், மூன்று மணிக்கே பழங்களைக் கழுவித் துடைத்துக் கூடையிலிட்டு, ஈரத்துணி போர்த்திக் காற்றோட்டத்தில் வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியால்தான். நாலரை மணிக்குமுன் கத்தியைத் தொடாதீர்கள். வெட்டிய பழம் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருத்தலாகாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே கெடு. அதற்குமேல் மிஞ்சியதை எறிந்துவிடுங்கள். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவன்று.

இனிக் கோக்கலாம். குச்சியைக் கழுவி, உலர்த்தி, சிராம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிடிப்பதற்கு மூன்று விரற்கடை இடம் விட்டு, முதலில் கெட்டியான அன்னாசி, பிறகு பப்பாளி, மாம்பழம், தர்ப்பூசணி, நுனியில் திராட்சை. கெட்டியானது அடியில் தாங்குவதால் மென்மையானவை சரியா. சதை வழித்த தர்ப்பூசணியின் பாதி ஓட்டைக் கவிழ்த்து, அதில் குச்சிகளைச் செருகி நிறுத்தினால் தட்டே தேவையில்லை. வாழை, கொய்யா சேர்ப்போர் வெட்டியவுடன் எலுமிச்சைச் சாறு தடவவேண்டும். வெட்டுவாயில் காற்றுப்பட்டு நொதி வேலைசெய்வதால்தான் பழம் கறுக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்நொதியை அடக்கும்.

உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவது நம் வழக்கம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுடையது. அந்த வெக்கையில் வியர்வையோடு உப்பையும் இழந்து மேலேறியவர்களின் ஊரில் உப்பின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் உப்பைப் பரிமாறும்போதுதான் தூவவேண்டும். முன்பே தூவினால், சவ்வூடு பரவலால் பழத்தின் நீர் வெளியேறித் துண்டுகள் துவண்டுபோகும். இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு உப்பின்றியே கொடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் குச்சியைத் தராதீர்கள். முழுத் திராட்சை தொண்டையில் அடைத்து உயிருக்கே தீங்கு செய்யும்; அதை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கிண்ணத்தில் தருக.

தோழர்களே, வெட்டிய பழத்தை ஒருவர் ஐயமின்றி வாயிலிடுகிறார் என்றால், நம் கையை நம்புகிறார் என்று பொருள். செல்வம் இல்லாதவரும் அந்த நம்பிக்கையைக் காக்கலாம். செல்வம் உள்ளவரும் அசட்டையால் அதனை இழக்கலாம். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வரும் விருந்தினருக்குப் புட்டிப் பானங்களை வாங்கி அடுக்குவதை விடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து அரைமணி நேரம் உழைத்து இதனைச் செய்து பாருங்கள். செலவு சிறிது; சிறப்புப் பெரிது.