சுட்டிச் சொல்லும் ஆங்கிலம்

வங்கிக்கோ அலுவலகத்துக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றால், அந்தப் பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் படிக்கும் பிள்ளையிடமே வந்து சேர்கிறது. அக்கடிதங்களின் முதல் வரி ஏதாவதொன்றைச் சுட்டியே தொடங்கும். தமிழில் 'பற்றி', 'குறித்து', 'தொடர்பாக' என எதனை எழுதினாலும் பொருள் பெரிதாக மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ ஒரு சிறு முன்னிடைச்சொல் பொருளையே மாற்றிவிடும்.

'ரிஃபர்' என்ற வினையை முதலில் நோக்குவோம். இதன் லத்தீன் மூலத்துக்கு 'திரும்பக் கொண்டு செல்லுதல்' என்பது பொருள். ஒரு நூலைப் பார்ப்பதற்கும் ஒருவரைக் குறிப்பிடுவதற்கும் 'ரிஃபர் டு' என்றே எழுத வேண்டும். 'டு' இன்றி நேராக ஒரு பெயர்ச்சொல் வந்தால், அதனை இன்னோரிடத்துக்கு அனுப்புவதாகப் பொருள்படும். வைத்தியர் ஒரு நோயாளியை விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்புவது இவ்வகையாகும். ஆகவே 'ரிஃபர் த டிக்‌ஷனரி' என்பது, அகராதியை எங்கோ அனுப்பச் சொல்வது போலாகிவிடும்.

'மென்ஷன்' இதற்கு நேர்மாறானது. 'அதைப் பற்றிக் குறிப்பிட்டார்' என்று தமிழில் சொல்லிப் பழகியதால் 'மென்ஷன் அபவுட்' என்று எழுதத் தோன்றும். ஆனால், அவ்வினைக்கு முன்னிடைச்சொல் தேவையில்லை. 'டிஸ்கஸ்' என்பதும் அவ்வாறே. பெயரைச் சொல்லாமல் மறைமுகமாகச் சுட்டுவதற்கு 'அல்யூட் டு' என்ற சொல் உண்டு.

இனிக் கடிதத்துக்கு வருவோம். முன்னர் வந்த கடிதத்தையோ பத்திரிகை விளம்பரத்தையோ சுட்டும்போது 'வித் ரெஃபரன்ஸ் டு' பொருத்தமானது. ஒரு விடயத்தை மட்டும் சொல்வதாயின் 'ரிகார்டிங்' என்ற ஒரு சொல்லே போதும். 'வித் ரிகார்ட் டு' என்றும் எழுதலாம். பலரும் இதனை 'வித் ரிகார்ட்ஸ் டு' என எழுதுகின்றனர். பன்மையில் வரும் 'ரிகார்ட்ஸ்' நல்வாழ்த்தைக் குறிப்பது. அதன் இடம் கடிதத்தின் முடிவு. 'அஸ் ரிகார்ட்ஸ்' என்பதில் மட்டும் 'எஸ்' சரியானது. ஏனெனில், அங்கே அது வினைச்சொல்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. 'ரிஃபர்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், இறந்தகாலத்தில் 'ஆர்' இரட்டிக்கும். 'ரெஃபரன்ஸ்' என்பதில் அழுத்தம் முதலசைக்கு மாறுவதால் அது இரட்டிப்பதில்லை.

எனவே தோழியரே, புதிய வினைச்சொல்லொன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அதனோடு வரும் முன்னிடைச்சொல்லையும் ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்வோம். பரீட்சை வினாத்தாளுக்கு மட்டுமன்றி, நாளை வீட்டார் எழுதச் சொல்லும் கடிதத்துக்கும் அது கைகொடுக்கும்.